அறுக்காமல் விட்ட பூட்டு

என்னை இடுப்பில் சுமந்தே வளர்த்த சரசு அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அக்காவுக்கு எழுத வேண்டியதைப் பத்திரிகையில் எழுதுகிறானே, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்பாய். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இதை ஊரே படித்தாக வேண்டும். நம்மூர் வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் துணிந்து போடுகிறேன் என்றிருக்கிறார்.

உன் மகள் தாரணி என்னோடுதான் இருக்கிறாள். பதினொன்றாவது படிக்கிறாள். உன்னைப் போலவே பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிற புத்தி. நான் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற அதே ரிக் லாரியைத்தான் ஓட்டுகிறேன். ஆயிரம் அடி துளை இறக்கினாலும் பல காடுகளில் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகைதான் வருகிறது.

உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வெறுங்காலோடு ஒரு காட்டில் நடந்தால், அடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறதென்று அவள் உள்ளங்காலுக்குத் தெரியும். இந்த மாதிரி வரம் நம் சீமையில் எத்தனையோ பேருக்கு உண்டு. வரமெல்லாம் தெய்வத்தின் சொத்து, அதற்குக் காவல் நாங்கள் என்று மேல்பீடத்தார் ஆள வந்த நாளிலிருந்து, அவர்கள் உத்தரவில்லாமல் யாரும் அதைத் தொட முடியாது. தொட்டுக் காய்ச்சல் இறக்குகிறவருக்குக் கையுறை. மழையை முன்கூட்டிச் சொல்கிறவருக்கு வாய்த்துணி. தண்ணீர் அறிந்த காலுக்குப் பூட்டுச் செருப்பு.

கணுக்கால்வரை மூடிய தோல், பித்தளைப் பூட்டு, சாவி பீடத்தில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போய் நின்றால் அரைமணி நேரம் கழற்றி, காலைக் கழுவவிட்டு மறுபடி பூட்டுவார்கள். மற்றபடி, பீடம் யாருடைய நிலத்துக்கு அனுப்புகிறதோ அங்கே மட்டும்தான் கழற்றுவார்கள்.

நீ நாற்பது வயதுவரை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் தறிப் பட்டறையில் நின்று பிழைத்தாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் ஏழு துளை போட்டும் குடிக்கத் தண்ணீரில்லை. அந்த ஊர்ப் பெண்கள் குடங்களோடு வந்து என் லாரியைச் சுற்றி நின்றதைப் பார்த்துவிட்டு, நான் உன்னிடம் வந்து கெஞ்சினேன். நீ புல் பறிக்கிறவள் போல அந்தக் காட்டில் நடந்தாய். ஓரிடத்தில் நின்று பெருவிரலால் மண்ணில் ஒரு கீறு போட்டாய். ஐந்நூறு அடியில் தண்ணீர் பீறிட்டது.

துளை போடுகிற இடத்தை, எங்கள் பேச்சில் பாயிண்ட்டை, காட்டியவர் காலில் முதல் தண்ணீரை ஊற்றுவது ரிக்காரர்கள் வழக்கம். எத்தனையோ பேர் காலில் ஊற்றிப் பழகிய கை. அந்தச் சந்தோஷத்தில், ஓரமாக நின்ற உன்னைக் கூட்டத்துக்கு நடுவே இழுத்து, ஒரு பக்கெட் நிறைய உன் காலில் ஊற்றிவிட்டேன். ஊற்றி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “போச்சு சாமி” என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான்காம் நாள் பீடத்து வேன் நம் வாசலில் நின்றது.

அதற்குப் பிறகு நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்குள் செருப்போடு நடக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுதாய். தாரணி ஈரத்துணியால் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்ட பிறகுதான் சமையலறைக்குள் கால் வைப்பாய். சாமி கும்பிட மட்டும் உள்ளே வரவே மாட்டாய், வாசலிலேயே நின்றுகொள்வாய்.

உனக்குச் சர்க்கரை இருந்தது. செருப்புக்குள் புண் வந்தது உனக்கே தெரியவில்லை, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. உன்னை அழைத்துக்கொண்டு பீடத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவரில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். “பௌர்ணமிக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்குதுங்க. முறைய மாத்த முடியாதுங்க” என்றார். நான் கும்பிடு போட்டுவிட்டு உன்னைத் திரும்ப அழைத்து வந்தேன்.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரும்புக் குழாயை அறுக்கிற மிஷின் என் லாரியிலேயே இருந்தது. அந்தப் பித்தளைப் பூட்டு அதற்கு எம்மாத்திரம்? ஒரு நிமிஷ வேலை. பூட்டை அறுத்தால் ரிக் ஓட்டுகிற அனுமதி போய்விடுமே என்று பயந்தேன். உன் காலைவிட என் லாரி எனக்குப் பெரிதாக இருந்தது. ஐந்தாம் நாள் நீ கட்டிலில் சாய்ந்தபடி வாசலில் நின்ற லாரியைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாய். ஏன் அக்கா கேட்கவில்லை? கேட்டிருந்தால் செய்திருப்பேனா?

பௌர்ணமியன்று அவர்கள் திறந்தபோது விஷம் தொடைவரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன மாதம் தாரணி புழக்கடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று அசையாமல் நின்றாள். “மாமா, உள்ளங்காலு குறுகுறுங்குதுங்க. கீழ ஓடுதுங்க” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. யாரிடமும் சொல்லாதே சாமி என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாய்க்கு இருந்தால் மகளையும் சோதிக்க வேண்டும் என்பது பீடத்து முறையாம். வருகிற வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கே வருகிறார்கள். அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். என் அக்காவுக்கு வரம் எதுவும் கிடையாது, ஊரை ஏமாற்றினாள், தண்ணீர் குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்தது என்று நான் கையெழுத்துப் போட்டால் சோதனைப் பட்டியலிலிருந்து தாரணியின் பெயரை எடுத்துவிடுவார்களாம். உன் பெயர் பீடத்துப் பொய்யர் பலகையில் ஏறும். “செத்தவங்களுக்கு என்னங்க நோவு? உசுரோட இருக்கற புள்ளையப் பாருங்க” என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நீயானாலும் போடச் சொல்லுவாய் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு, காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேனாவைத் தேடுகிற நேரத்தில் தாரணி எடுத்துப் படித்துவிட்டாள். அழவில்லை.

“அம்மா பொய்க்காரின்னா, அந்த ஊர்ல இன்னைக்கும் குடிக்கறாங்களே, அது என்னதுங்க மாமா?” என்றாள்.

அவளே அந்தக் காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்து, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். கொடுத்துவிட்டேன். கையெழுத்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவள்தான் படித்தாள். அவள் பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன், என் பெயரையே போடுங்கள் என்றாள்.

பீடத்தாரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு அவளையே பலி கொடுக்கிறேனோ? பெற்றவள் நீ இருந்திருந்தால், என் பெயர் கெட்டால் கெடட்டும் என்று அந்தக் காகிதத்தில் நீயே என் கையைப் பிடித்துப் போட வைத்திருப்பாயோ? இதற்கு யாரிடம் போய்ப் பதில் கேட்பேன்?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அவளோடு நானும் போகிறேன். அவள் காலில் பூட்டினால் அன்றைக்கே அறுப்பேன். மறுபடி பூட்டினால் மறுபடி அறுப்பேன். லாரி போகட்டும், ஜெயிலில் போடட்டும். யாரிடமும் நாள் கேட்டு நிற்க மாட்டேன். அவள் வாய்விட்டு என்னைக் கேட்கும்வரையும் காத்திருக்க மாட்டேன், அக்கா.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன் தம்பி முருகேசன்