பிளாஸ்திரியில் எழுதிய தேதி

எதையும் வாய்விட்டுச் சொல்லாமலே போய்ச் சேர்ந்த என் அருமை மச்சான் பொன்னையா,

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் கப்பல் ராட்சதக் கிரேன்களைச் சுமந்துகொண்டு வந்த வருடம் அது. ஊரே கடற்கரைக்குக் கப்பல் பார்க்கப் போன அதே வாரம்தான் மழை நகரத்தை மூழ்கடித்தது. உன் வீட்டுக்குள் முழங்கால் அளவு ஓடைத் தண்ணீர். வெறுங்காலோடு இறங்கிச் சேறு வாராதே என்று சொன்னேன். கேட்டாயா? பத்தே நாளில் எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாய்.

எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள் செல்விதான் எழுதுகிறாள். ஆனால் உன் கையில் டிரிப் ஊசி ஏற்றிய கிழமை எனக்கு மறக்காது. ஞாயிற்றுக்கிழமை. சிமென்ட் குழைத்துக் காய்த்த கையில் நரம்பு அகப்படவில்லை. ஐந்தாவது குத்தில்தான் கிடைத்தது. இரண்டு குத்து தப்பியதுமே வேறு சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? யார் கேட்பது?

புதன்கிழமை கஞ்சி கொட்டி பிளாஸ்திரி நனைந்தது. புதிது ஒட்டிய சிஸ்டர் அதன்மேல் அன்றைய தேதியை எழுதினாள். ஊசி பழையது, தேதி புதியது. வெள்ளிக்கிழமை உன் புறங்கை சிவந்து மினுங்கியபோது நான் போய்ச் சொன்னேன்.

"மோளே, இது ஞாயிறு குத்தினதாக்கும்."

"டேட் எழுதியிட்டுண்டல்லோ அப்பூப்பா. புதனாழ்ச்ச."

"அது பிளாஸ்திரிக்க தேதி. ஊசிக்க தேதி இல்ல."

"அப்பூப்பனுக்கு வாயிக்கான் அறியுமோ?"

"அறியாது."

படிக்கத் தெரியாதவன் தேதி சொல்கிறானே என்று அவள் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நாற்பது கட்டில் அவளுக்கு, கோபம் அவள்மேல் இல்லை. உன்மேல்தான். போகிற போக்கில் "வேதனையுண்டோ அப்பூப்பா?" என்று கேட்டாளே, நீ என்ன சொன்னாய்? "இல்ல மோளே, சுகம்." அவள் நகர்ந்ததும் துவர்த்துத் துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டாய்.

"சும்ம கெட மச்சான். வலிக்குன்னா இத உருவிப்போட்டு வேற எடத்துல குத்துவா. இன்னும் அஞ்சு குத்து வாங்க ஏலாது."

நானும் சும்மா கிடந்தேன். மறுநாள் உனக்குக் குளிர்நடுக்கம். கையில் வைத்த சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். ஐந்து குத்துக்குப் பயந்தவனை, நடுக்கம் வந்த ஆறாம் நாள் தூக்கிக்கொண்டு போனோம்.

"அப்பா, செத்த மாமாவ இப்பிடித் திட்டி எழுதணுமா?" என்கிறாள் செல்வி. எழுது மோளே. உயிரோடு இருந்தபோது திட்டாததுதான் தப்பு.

சரி, இப்போதைய சேதியைக் கேள். உன் தங்கை, என் வீட்டுக்காரி, நிமோனியா வந்து திங்கட்கிழமை முதல் படுத்திருக்கிறாள். இது வேறு ஆஸ்பத்திரி. பிந்து சிஸ்டர் நல்ல பிள்ளை. கை கழுவி, ஸ்பிரிட் தடவி, அது காயும்வரை காத்திருந்து, மணிக்கட்டு மடங்காத இடமாகப் பார்த்துக் குத்தினாள். தேதியும் எழுதினாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

புதன்கிழமையோடு டிரிப் முடிந்தது. இனி மாத்திரைதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இன்று வியாழன் காலையில் பார்த்தால் அந்த ஊசி இன்னும் கையிலேயே இருக்கிறது. மேலே முந்தானை. அண்ணனுக்குத் துவர்த்து, தங்கைக்கு முந்தானை! உங்கள் குடும்பத்துக்கே இது என்ன வியாதி?

"கையக் காட்டு."

"என்ன, புதுப்பொண்ணு கையா, புடிச்சுப் பாக்கதுக்கு?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்.

"காட்டுட்டி, சவமே."

"வலியே இல்ல. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். எடுத்தா நாளைக்கி மறுபடியும் குத்துவாவ."

"ஒனக்க அண்ணனும் இதத்தான் சொன்னான்."

முந்தானை விலகியது. கை வெளியே வந்தது. ஊசி இருந்த இடம் சிவந்திருந்தது. பிந்து சிஸ்டரைக் கூட்டி வந்தேன்.

"டேட் நோக்கு அப்பூப்பா, மூணு திவசமே ஆயிட்டுள்ளு. இருக்கட்டே, இனியும் மருந்து வேண்டி வந்தாலோ?"

"வந்தா அப்ப குத்து மோளே. தேதிய விடு. தோலப் பாரு."

அவள் குனிந்து விரலால் மெல்ல அழுத்தினாள். வலியே இல்லாத உன் தங்கை "எக்க அம்மோ!" என்று போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. சிஸ்டர் முகம் மாறியது. டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு உடனே எடுத்தாள். உருவி என் கண்முன் காட்டினாள். நுனி உடையாத சின்னக் குழாய். ஊசியைக் குத்திய உடனேயே வெளியே எடுத்துவிடுவார்களாம், உள்ளே கிடப்பது இந்தக் குழாய்தானாம். இது எனக்கு இத்தனை வருடம் தெரியவில்லையே, உனக்குத் தெரிந்திருக்குமா?

காய்ந்த பஞ்சை வைத்து, தேய்க்காமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். "கை ஒடியுது, விடுங்கோ" என்று அதற்கும் ஒரு சண்டை.

ஆனால் நரம்பு இன்னும் கயிறு போலத் தடித்துக் கிடக்கிறது. சிவப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள் சிஸ்டர். சிவப்பு அதைத் தாண்டினாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ அந்த நிமிடமே கூப்பிட வேண்டும். மச்சான், எனக்கும் படிக்க வருகிற எழுத்து அந்த வட்டம் ஒன்றுதான். காலையிலிருந்து ஸ்டூலைப் போட்டு அதையே படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை தாண்டவில்லை.

தாண்டினால் இந்த முறை சும்மா கிடக்க மாட்டேன். யார் சிரித்தாலும் சரி, யார் மூடி மறைத்தாலும் சரி, கூப்பாடு போட்டு ஆஸ்பத்திரியையே கூட்டுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. உங்கள் அம்மை பெற்ற ஐந்து பேரில் நான்கு பேருக்கு என் கையால் மண் போட்டாயிற்று. போதும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத மச்சான்,
உங்களில் இன்னும் மூச்சோடு இருக்கும் ஒரே ஒருத்தி, தங்கம்மையின் புருஷன்.