கூரை பிரித்த அறை

என் கண்ணு,

இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. லீவுக்கு வரும்போது பெட்டியை மாடிக்கு ஏற்றாதே. ஹாலிலேயே மூவரும் படுத்துக்கொள்ளலாம், காற்று நன்றாக வரும்.

வீட்டு வரிக்காக அளக்க வந்தவரிடம் உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "மாடி ரூமைப் பாக்காமப் போறீங்களே சார்! பொண்ணுக்காகக் கட்டினது, கதவு அசல் தேக்கு!" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனார். அவரும் தட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். வரி இரண்டு மடங்கானது.

சரி, வீட்டையே விற்றுவிடலாம் என்றால், பார்க்க வந்த தம்பதி வரியைக் கேட்டதும் காபியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டார்கள். அடுத்து வந்தவர் பாதி விலைக்குக் கேட்டார்.

கூரை இல்லாத அறைக்கு வரி கிடையாதாம். போன வாரம் ஆள் வைத்துப் பிரித்தாயிற்று. "இனிமே துணி நல்லாக் காயும்" என்றார் உன் அப்பா. நானும் ஆமாம் என்றேன்.

நேற்று நல்ல மழை. மனிதரைக் காணோமே என்று மாடிக்குப் போனேன். நனைந்துகொண்டே, உன் தேக்குக் கதவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

நீ கேட்டால், துணி எடுக்கப் போனேன் என்பார். நம்பிவிடு.

உன் அம்மா