ஜரிகையில் அளந்த பூசணி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மார்ச் 9, ஞாயிறு

புவனேஸ்வரியின் அப்பாவுக்கு,

கமலவேணி எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் வீட்டில் நான் சுகம், கொல்லையில் காயும் சுகம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு பக்கம். பூசணியைப் பற்றிப் பதினோரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரே ஒரு வரி: பதினெட்டாம் தேதி வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போ, இருபத்து மூன்றாம் தேதி வாலாஜாபாத் பூசணிப் போட்டிக்குக் காயை நான்தான் கொண்டு போக வேண்டும், என்று. குடியை விடத் தொண்ணூறு நாள் இருக்கிறேன் என்று போன இடத்தில் இன்றைக்கு நாற்பத்திரண்டாவது நாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் காய்.

நேற்றுக் காலை சுற்றளவு ஐந்து அடி இரண்டு அங்குலம். தினமும் டேப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. மீந்துபோன ஜரிகை நூலைக் காயைச் சுற்றிப் பிடித்து, முனை வந்து சேரும் இடத்தில் தினம் ஒரு முடிச்சுப் போடுகிறேன். உங்கள் மெக்கானிக் ஷெட் கூட்டாளி டேனியல் வந்து பார்த்தார். "விதை வாங்கிக் குடுத்தப்போ இத நான் நெனைக்கலக்கா. நம்ம ஷெட்டு கம்ப்ரசர் கணக்கா படுத்துக்கினு இருக்குது" என்றார். எழுபது கிலோ தாண்டும் என்பது அவர் கணக்கு. நீங்கள் சொன்னபடி அடியில் மணல் பரப்பி, மேலே உங்கள் பழைய வேட்டி இரண்டை நிழலுக்குக் கட்டியிருக்கிறேன். வேட்டி போச்சே என்று வருத்தப்பட வேண்டாம், உடுத்த ஆள் இல்லை.

இப்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கொடிக்கு ஒரே காய்தான் விட்டிருக்கிறேன், மற்றதை வெட்டிவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? பொய். மூன்று பிஞ்சு பிடித்திருந்தது. இரண்டை வெட்ட வேண்டும் என்று தெரியும். ஆனால் பூசணியில் முதல் கத்தி ஆண்பிள்ளைதான் வைக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அதிலும் புவனாவுக்கு இது ஐந்தாம் மாதம். வயிற்றில் பிள்ளையோடு பெண் இருக்கும்போது பிஞ்சில் கத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் இலைக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது என்ற தைரியம்தான். ஜரிகைக்குத் தெரிந்துவிட்டது. ஆறு நாள் முடிச்சு ஒரே இடத்தில் விழுந்தது.

பக்கத்து வீட்டு குருவைக் கூப்பிட்டு வெட்டித் தரச் சொன்னேன். "வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வூடு, நான் கை வெக்க மாட்டேங்க்கா, வேற எதுனா சொல்லு" என்று கும்பிடு போட்டுவிட்டான். தறியையே தோளில் தூக்குகிற ஆள், ஒரு பிஞ்சுக்குப் பயந்து ஓடுகிறான். கடைசியில் செங்கல்பட்டுக்குப் போன் போட்டு புவனாவிடமே கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்கம்மா. நீ வெட்டு, எதுனா ஆனா நான் பார்த்துக்கறேன்" என்றாள். கற்பூரம் ஏற்றினேன், கண்ணை மூடினேன், வெட்டினேன். இரண்டையும் கூட்டு வைத்தேன், ருசியில் குறையொன்றும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து முடிச்சு நகர ஆரம்பித்தது. இப்போது தினமும் ஒரு அங்குலம் போகிறது.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. குருவின் மனைவி அலமு, புடவைக் கரையை உடலோடு சேர்க்கும் கோர்வை வாங்க என்னோடு தறியில் உட்காருகிறவள், போகும்போதும் வரும்போதும் கொல்லையை எட்டிப் பார்ப்பாள். "கண்ணு பட்டுடும்க்கா. போன வருசம் மாதிரி வெடிச்சிக்கினு பூடப் போவுது" என்றாள். ஊர்க் கண்ணுக்குப் பூசணிக்காய் கட்டுவார்கள், பூசணிக்கே கண் பட்டால் எதைக் கட்டுவது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போனாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் அது கண் பட்டு வெடிக்கவில்லை. நாலு நாள் நீங்கள் தண்ணீரே விடவில்லை. என்னையும் கொடியைத் தொட விடவில்லை. ஐந்தாம் நாள் நிதானமில்லாமல் வந்து, பாவம் தாகமாக இருக்கும் என்று சொல்லிச் சொல்லி ஆறு குடம் ஒரேயடியாகக் கொட்டினீர்கள். காய் பிளந்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கண் பட்டுவிட்டது என்று சொன்னவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தறியில் இழை அறுந்தாலும் கண், நீங்கள் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தாலும் கண். அலமு கண் என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள், அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள், "எங்களுக்குத் தெரியும்க்கா. நீயா சொல்லுவேன்னுதான் இருந்தோம்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. இனிமேல் யாரிடமும் உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரிதான், பங்குனித் திருக்கல்யாணம் பார்க்காமல் இருந்ததே இல்லை என்று அழுதீர்கள். முப்பத்தைந்தாம் நாளே கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தேன். சாமி மணக்கோலத்தில் வருவதற்குள் நீங்கள் கூட்டத்தில் இல்லை. மூன்று தெரு தேடினேன். அன்றைக்கு சாமியின் பெயர், இன்றைக்குப் பூசணியின் பெயர்.

காய் போட்டிக்குப் போகும், அதில் சந்தேகம் வேண்டாம். டேனியல் குட்டியானை வண்டி பேசிவிட்டார். குருவும் இன்னும் மூன்று பேரும் சணல் சாக்கில் ஏந்தித் தூக்குவார்கள். வண்டியில் வைக்கோல் பரப்பி நானே பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். விண்ணப்பத்தில் வளர்த்தவர் பெயர் கேட்டிருந்தார்கள். உங்கள் பெயரைப் பஞ்சாட்சரம் என்று எழுதப் போய், பேனாவை எடுத்துவிட்டு, கமலவேணி என்று எழுதினேன். விடிகாலையில் எழுந்து பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தவள் நான். கோபம் வந்தால் அங்கேயே உட்கார்ந்து கோபித்துக்கொள்ளுங்கள். அடுத்த தையில் உங்கள் பெயருக்கு ஒரு கொடி போடலாம், இடம் இருக்கிறது.

உங்கள் முதல் கடிதத்தில் வரியெல்லாம் சரிந்து சரிந்து, பாதி எழுத்து படிக்கவே முடியவில்லை. இப்போது வந்த கடிதத்தில் எழுத்து நேராக நிற்கிறது. புவனாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா கையெழுத்து இவ்ளோ அழகாம்மா என்று கேட்டிருந்தாள்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். தொண்ணூறாவது நாள். புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து சொல்லாமல் கிளம்பி வருவது உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. அப்படி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். நீங்கள் வந்து நின்றால் நான் திறந்துவிடுவேன். அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வந்துவிடாதீர்கள்.

உங்கள்
கமலவேணி