ஆண் மீனைத்தான் எடுக்கச் சொன்னேன்

ஜூன் 3

அன்பு மனைவிக்கு,

நலம். மீன்தொட்டியில் நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டைப் படித்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குட்டை சிக்லிட் மீன் ஜோடிக்குப் பாதாம் இலை ஊறிய தண்ணீர், முட்டையிடக் கவிழ்த்துவைத்த பூந்தொட்டி, இரண்டு வேளையும் கொசுப்புழு! கல்யாணமாகிப் பதினோரு வருஷம், எனக்கு இந்த உபசாரம் நடந்ததில்லை. கண்டவன் வாய்க்குப் பல் செய்யக் கற்றுக்கொள்ள ஆறு மாதப் பயிற்சி ஒரு கேடா? சட்டுப்புட்டென்று கிளம்பி வா.

உன் கணவன்

ஜூன் 10

அன்புள்ள உங்களுக்கு,

பயிற்சி முடியாமல் வரமாட்டேன். நேற்று ஒரு கடைவாய்ப்பல்லைத் தனியாகச் செய்து முடித்தேன். பல் ஆய்வகத்தை நடத்தும் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு திருத்தமும் இல்லாமல் டாக்டருக்கு அனுப்பிவைத்தார். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

முட்டையிட்டதும் பெண் மீன் பளிச்சென்று மஞ்சளாகி ஆணை விரட்டும். உடனே ஆணைப் பிடித்து வாளியில் விடுங்கள். பெண்ணைத் தொடாதீர்கள். இவ்வளவுதான். உங்களுக்குப் புரியும் என்றே நம்புகிறேன்.

உங்கள் மனைவி

ஜூன் 24

அன்பு மனைவிக்கு,

உன் மகாராணி முட்டையிட்டாள். அன்றிலிருந்து கட்டினவனைக் கிட்டவே சேர்க்கவில்லை. பாவம், வால் கிழிந்து மூலையில் ஒண்டிக் கிடந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை, அவளைப் பிடித்து வாளியில் போட்டேன். மறுநாள் பார்த்தால் ஒரு முட்டைகூட இல்லை, அவன் வயிறு உப்பியிருக்கிறது. நீ வீட்டில் இருந்திருந்தால் இது நடக்குமா?

உன் ஆய்வக அக்காவுக்கும் எழுதிவிட்டேன். உனக்கு உடம்பு முடியவில்லை, பயிற்சியிலிருந்து விடுவித்து அனுப்பிவிடுங்கள் என்று. உன் நல்லதுக்குத்தான்.

உன் கணவன்

ஜூலை 1

வணக்கம்.

உங்கள் கடிதத்தை அக்கா என் மேசையில் வைத்து, "உனக்கு உடம்பு சரியில்லையாமே, அப்ப இந்த ஏழு பல்லையும் யார் முடிக்கிறது?" என்றார். எல்லார் முன்னாலும். கூனிக்குறுகிப் போனேன். ஏழையும் முடித்துக் கொடுத்தேன். பயிற்சி முடிந்ததும் இங்கேயே நிரந்தர வேலை என்றார், சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

உங்கள்மேல் கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்ணமீன் கடைக்காரர் வருவார். வாளியில் இருப்பவளை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். நான் இங்கே வாடகைக்குப் பார்த்திருக்கும் அறையில் ஒரு தொட்டிக்கு இடம் இருக்கிறது.

ஆண் உங்களிடமே இருக்கட்டும். வேளைக்கு எதையாவது போட்டால் போதும், யார் போனார்கள் என்று அது தேடாது.