வளையத்தில் இறுகும் துகள்கள்

ஏப்ரல் 3, காலை 9.10
சனிக்கோளின் வளையத்துக்குள், ஆய்வுக்கூண்டு. எழுதுபவர் பெனிட்டா மச்சாது, துகள் இயக்க ஆய்வாளர். வளையத்துக்கு மேலே தாய்க்கப்பல் நிற்கிறது. ஓட்டுபவன் சாதிக்.

பனித்துகள்கள் வாயு மூலக்கூறுகளைப் போல மோதி விலகுகின்றன. ஆனால் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் வேகம் செத்துவிடுகிறது. துகள் துகளாகப் பின்தொடர முடியாது. அடர்த்தி, சராசரி வேகம், வேகச் சிதறல் ஆகிய மூன்றுக்கு மட்டும் சமன்பாடு வைத்திருக்கிறேன். அளவுகள் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

ஏப்ரல் 4, பகல் 11.40
ஒத்துப்போகவில்லை. கூண்டைச் சுற்றி அடர்த்தி ஏறுகிறது. நெருக்கமான இடத்தில் மோதல் அதிகம். மோத மோத வேகம் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. வெளியே உள்ள துகள்களும் அங்கேயே வந்து சேர்கின்றன. நடுவில் நான்.

கூண்டை நகர்த்தும் உந்தியை இயக்கினேன், துகள்கள் விலகின. நிறுத்தியதும் முன்னைவிட நெருங்கி வந்தன.

சாதிக்: "யக்கா, உந்திய சும்மா சும்மா போடாதீங்க. நாங்க எறங்கி வந்து தூக்கிக்கிடுதோம்."

கணக்குப் பார்க்கும்வரை வர வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 5, காலை 8.05
நான்காவது சமன்பாட்டையும் சேர்த்தேன். மிக வேகமாகப் பாயும் சில துகள்களின் பங்கு அது. சிறியது என்று எல்லோரும் விட்டுவிடுவோம். இதைப் படிப்பவர் விட்டுவிடாதீர்கள். விடையே மாறுகிறது. பெரிதாக எது உள்ளே வந்தாலும் அதைச் சுற்றியும் இதே இறுக்கம் தொடங்கும். கப்பலில் ஐந்து பேர்.

எச்சரிக்கை போகவில்லை. செய்தி அனுப்பும் கம்பம் பனியில் புதைந்துவிட்டது. அவர்கள் குரல் மட்டும் வருகிறது.

பிற்பகல் 2.30
சாதிக்: "யக்கா, ஒங்க சத்தத்தையே காணோம். பயப்படாதீங்க, எறங்கிட்டோம். ஒங்க வெளக்கு லேசாத் தெரியுது. அதப் பாத்தே வாரோம்."

உந்தி இயங்கவில்லை. கதவு அசையவில்லை. துகள்கள் கூண்டில் மோதும் சத்தமும் நின்றுவிட்டது. மோத அவற்றுக்கு இடமில்லை.

2.50
வெளிவிளக்கை அணைத்துவிட்டேன்.

சாதிக்: "வெளக்கு போயிட்டே. யக்கா, இருக்கீங்களா? ஒரே ஒரு தடவ போடுங்க, போதும்."

விரல் பொத்தான் மேலேயே இருக்கிறது. போய்விடு தம்பி.

3.35
சாதிக்: "இங்கன ஒண்ணுமே தெரியலக்கா. தூசி கூடிக்கிட்டே போவுது. மேல ஏறுதோம். மன்னிச்சிருங்க."

அழுகிறான். பக்கத்தில் யாரோ அவனைத் தேற்றுகிறார்கள்.

4.20
வளையத்தைத் தாண்டிவிட்டார்கள். ஐந்து பேரும்.

இனி விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். போட்டேன். ஜன்னல் முழுக்க வெள்ளை. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல். அது மெதுவாக என் பக்கம்