கத்தி போடுமுன் முழுங்கிய மாத்திரை

அருப்புக்கோட்டை
17-10-1970

அன்பு மகன் நாகசுப்பிரமணியனுக்கு அம்மா வெங்கடம்மாள் எழுதுவது. நானும் உன் தங்கச்சி பாலாமணியும் சுகம், உன் அப்பா உயிரோடு சுகம், சூரத்தில் உனக்குச் சௌடேஸ்வரி அம்மன் துணை. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் உன் அப்பாவை முகம்கூடப் பார்க்காமல் கோபத்தில் திட்டிக்கொண்டே கஞ்சி ஊட்டினேன், பாதி டம்ளர் போன பிறகுதான் பார்த்தேன், அது பக்கத்துக் கட்டில் நரிக்குடிக்காரர். பாவம், கஞ்சியோடு திட்டையும் வாங்கிக்கொண்டார்.

பதறாதே, அப்பா வீட்டுக்கு வந்தாச்சு. எல்லாம் முழங்கால் வலிக்கென்று நீ அனுப்பிய ஆஸ்பிரின் பாட்டில் செய்த வேலை. விஜயதசமிக்கு அம்மனை அழைக்கக் கத்தி போடப் போனார். வருசாவருசம் கத்தியால் நெஞ்சில் அடித்துக்கொள்ளும்போது கீறல் விழும், மஞ்சள்பொடியை அப்பினால் நின்றுவிடும். இந்த வருசம் வலிக்கக்கூடாதென்று அந்த மாவீரர் வெறும்வயிற்றில் நாலு மாத்திரையை முழுங்கிவிட்டுக் கத்தியைத் தூக்கியிருக்கிறார். மஞ்சளை அப்ப அப்பச் சிவந்துகொண்டே வருகிறது, நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது என் காதில் மட்டும் சொல்லுகிறார், நாலு மாத்திரை தின்னேன்டி, வெளிய சொல்லாதே, மானம் போயிரும் என்று. டாக்டர் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீகளா என்று கேட்டதற்கு, கூட வந்த நம் ஆட்களைப் பார்த்துவிட்டு இல்லவே இல்லை என்று தலையாட்டினார். நர்ஸம்மா வலிக்கு அதே மாத்திரையை நீட்டுகிறாள், இவரும் கையை நீட்டுகிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மாத்திரையைத் தட்டிவிட்டு, நாலு உள்ளே இருக்கு தாயி என்று வார்டே அதிரக் கத்தினேன். நல்லவேளை சொன்னீக, அது ரத்தத்தை உறையவிடாது, இன்னொன்னு போயிருந்தா ஆபத்து என்றார் டாக்டர். தையல் போட்டு, ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தார். மானமாம் மானம், அதையும் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கணும்.

உன்மேலும் கோபம்தான். கடலைமிட்டாய் மாதிரி பாட்டிலோடு அனுப்பினாயே, எப்போது தின்னக்கூடாது என்று ஒரு வரி எழுதினாயா? நீயும் தலைவலிக்குத் தின்கிறவன்தானே. வெறும்வயிற்றில் தின்னாதே, பல் பிடுங்கப் போனாலும் காயம்பட்டுப் போனாலும் தின்றதை டாக்டரிடம் முதலில் சொல்லு. அப்பன் மாதிரி தலையாட்டினாயோ, ரயிலேறி வந்து அடிப்பேன்.

நீடூழி வாழ்க, நேரத்துக்குச் சாப்பிடு, பதில் போடு.

இப்படிக்கு
உன் அம்மா
வெங்கடம்மாள்

பின்குறிப்பு: மிச்ச மாத்திரையைப் பாட்டிலோடு சன்னல் வழியே வீசினேன். அப்பாவைப் பார்க்க வந்துகொண்டிருந்த பூசாரி சௌடையா தலையில் விழுந்தது. தலை வலிக்கிறது என்றார். மஞ்சள் வைத்து அனுப்பினேன்.