ஓரம் வெட்டாத படம்

சென்னை
22.10.1986

அன்புள்ள அம்மாவுக்கு அருள்மணி எழுதுவது. ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பள்ளங்கியில் பூண்டு பிடுங்கியாயிற்றா? நான் சுகமாக இருக்கிறேன்.

தங்கை லீமா கல்யாணத்துக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. அவள் அனுப்பிய நெகட்டிவையாவது எங்கள் கலர் லேபில் நானே பெரிதாக்கலாம் என்று எடுத்தேன். மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்தார்.

"ஓரத்துல வெளிச்சம் பூந்து ஃபிலிம் கெட்டுப்போச்சுப்பா. பத்துக்குப் பன்னிரண்டு சைசுக்கு எப்படியும் ரெண்டு பக்கமும் வெட்டணும். அதோட போயிடும்" என்றார்.

"கெடலைங்க, எங்க மலையில கோயில் வாசல்ல மேகம் எறங்கியிருக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. மலை ஏறியே பார்த்திராத மனிதர்.

வெட்டச் சொன்ன அந்த ஓரத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். பாதிச் சேலை மேகத்துக்குள் இருக்கிறது. கையில் லீமாவின் செருப்பு.

அவர் சாப்பிடப் போனதும் முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டுவிட்டேன். அதனால் மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விழுந்திருக்கிறது. லீமா முகம் சுளித்தால், இப்போது இதுதான் பேஷன் என்று சொல்லிவிடுங்கள்.

என் பழைய கம்பளிக் குல்லாவை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர் கிடையாதுதான். இருந்தாலும் அனுப்புங்கள். அதற்குள் நாலு பூண்டும் வையுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இன்னொரு பிரிண்டும் போட்டேன், லீமாவிடம் சொல்ல வேண்டாம். அதில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெட்டிவிட்டு ஓரத்தை மட்டும் பெரிதாக்கி, என் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் மகன்
அருள்மணி